கேம்ப் லத்தீப்

"...கேம்ப் லத்தீப் வபாத்தாகிவிட்டார். ஜனாஸா நல்லடக்கம் அஸர் தொழுகைக்குப் பிறகு..."

ஓட்டோவுக்கு வெளியே ஒரு காலை வைத்தபடியே ஷிஹாரா பள்ளிவாசல் ஒலிபெருக்கியை முறைத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் பஸ்ஸில் அழாமல் வந்தவள். 'வாப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்ல, வா' என்று அண்ணன் ஹிஷாம் நானா விடியற்காலை சொன்னபோதே அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவென்று விளங்கிவிட்டது. இதுதான் விளங்கவில்லை. கேம்ப்!

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்டு, மாற்றுச் சட்டைகூட இல்லாமல் புத்தளம் வந்தவர் வாப்பா. அகதி முகாமின் ஓலைக் கொட்டில் போய்க் கல்வீடு வந்தது. புத்தளத்துக் கரைத்தீவில் பாதிப்பேரின் சைக்கிளுக்கு ஒட்டுப்போட்டே முப்பத்தைந்து வருஷம் போனது. 'கேம்ப்' என்ற பட்டம் மட்டும் போகவில்லை. யாழ்ப்பாணக் கம்பஸில் ஷிஹாரா பட்டமெடுக்க இன்னும் ஒன்றரை வருஷம் கிடக்கிறது. வாப்பாவுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்கள்.

நேரே வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் ஆத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், வாப்பாவின் முகத்தைப் பார்க்கிற வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். பள்ளிவாசல் கேற்றடியில் நிர்வாகி றவூப் ஹாஜியார் அகப்பட்டார்.

"ஹாஜியார், எங்கட வாப்பா எந்தக் கேம்ப்ல இரிந்தாரு?"

"என்ன மகள் இது? முதல்ல போய் வாப்பாட முகத்தப் பாரு."

"கேம்ப் எங்க இரிக்கு? காட்டுங்க, அதையும் பாத்துட்டு வாறன்."

"அடையாளத்துக்குச் சொல்றது புள்ள. இங்க ஏழு லத்தீப் இரிக்கு. உப்பு லத்தீப், வேன் லத்தீப்..."

"வேன் லத்தீபுட்ட வேன் இரிக்கு ஹாஜியார்."

ஹிஷாம் ஓடிவந்தான். "ஊட்டுக்கு வா ஷிஹாரா. உம்மா தேடுறா."

"திருத்திச் சொல்லாம வரமாட்டன் நானா."

ஹாஜியாரின் கண்களும் சிவந்துதான் இருந்தன. ஒரு துண்டுக் கடதாசியையும் பேனையையும் நீட்டினார். "எந்த ஊர் எண்டு எழுதித் தா. பாங்கு சொல்ற மோதினார் இப்பவே வாசிப்பாரு."

பேனை நின்றுவிட்டது.

முதலாம் வருஷம் ஹொஸ்டலில் களப்பின் சேற்று நாற்றத்துக்குக்கூட ஏங்கி அழுதவள் அவள். 'அப்பிடி என்னதான் இருக்கு உங்கட புத்தளத்தில?' என்று அறைத்தோழி றோசமேரி கேட்டதற்கு, மூக்கைச் சிந்திவிட்டு, 'காத்து' என்றவள். 'ஊருக்கு வாறன் வாப்பா' என்று போனில் விம்முவாள். 'நீ ஊர்லதானே மகள் இரிக்கா' என்பார் அவர்.

மருந்தையும் அவர்தான் கண்டுபிடித்தார். பின்னேரங்களில் போனிலேயே அவளைத் தன் பழைய யாழ்ப்பாணத் தெருவழியே நடத்திக்கொண்டு போவார். 'சந்தில நிக்கிறியா? சோத்துக்கைப் பக்கம் திரும்பு. பெரிய கிணத்தடி ஒழுங்கை. மூணாவது எங்கட ஊடு. மாதுளை காய்ச்சிரிக்கா?'

அங்கே ஒரு சுவரும் பற்றையும்தான் மிச்சம். 'காய்ச்சிக் கொட்டுது வாப்பா.'

அவர் சிரிப்பார். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு அவளுக்கு அழுகை வராது.

இவ்வளவு சத்தம் போட்டுவிட்டு, இப்போது பேனையோடு, விடை தெரியாத பரீட்சைக்காரி மாதிரி நின்றாள். எந்த ஊர்? எது தெரியாவிட்டாலும் வழக்கமாகச் செய்வதைக் கை தானாகச் செய்தது. போனை எடுத்து வாப்பாவின் நம்பரை அழுத்தியது.

ஹிஷாமின் சட்டைப்பையில் மணி அடித்தது.

அவன் வாப்பாவின் போனை வெளியே எடுத்தான். திரையில் அவள் பெயர் இல்லை. 'ஊர்' என்றிருந்தது. அவளுடைய நம்பருக்கு வாப்பா வைத்திருந்த பெயர்.

யாரும் அதை நிறுத்தவில்லை. அடித்து, அதுவாகவே ஓய்ந்தது.

ஷிஹாரா எழுதிக் கொடுத்தாள்.

அண்ணனும் தங்கையும் பாதி வழி போகுமுன்பே ஒலிபெருக்கி கரகரத்தது. "யாழ்ப்பாணம், பெரிய... கிணத்தடி ஒழுங்கையைச் சேர்ந்த அப்துல் லத்தீப்..." பழகாத பெயரில் மோதினாரின் நாக்கு ஒரு தரம் தடுக்கி விழுந்து எழும்பியது.

குறுக்குத் தெருவால் மீன்காரர் மரியநாயகம், பின்னால் வெற்றுப் பெட்டி கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். காலையிலேயே பக்கத்து ஊர்களுக்கு யாவாரத்துக்குப் போனவர்; முதல் அறிவித்தலைக் கேட்காதவர்.

"என்ன பிள்ள, லீவா? வாப்பா கடையிலதானே? பின் டயர் காத்துப் போயிட்டுது." பிறகு பள்ளிவாசல் பக்கம் தலையை ஆட்டினார். "ஆரோ யாழ்ப்பாணத்து மனுசனாம், பாவம். அவ்வளவு தூரத்தால வந்து இங்கயா சாகணும்!"



அவர்கள் வீட்டு முற்றத்துக் கடையை நோக்கி அவர் சைக்கிளைத் திருப்பினார். ஷிஹாரா கூடவே நடந்து, கரியரைப் பிடித்துப் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள், காற்றில்லாத டயர் றோட்டில் அரைபடாமல்.