வாக்கெடுப்புக் காய்ச்சல்

பிரதேச சபை உறுப்பினர் கொலின்சுக்குக் காய்ச்சல் வந்தது செவ்வாய்க்கிழமை. சபையில் அடுத்த வருச வரவுசெலவுக்கான பாதீட்டு வாக்கெடுப்பு வியாழக்கிழமை. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகக் கடற்கரையில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மரியாதையால் அல்ல, எல்லாருக்கும் தெரிந்ததை எதற்கு இன்னொருதரம் சொல்வது என்ற அலுப்பினால்.

திங்கட்கிழமை பின்னேரம் கட்சி அமைப்பாளர் பிரதீபன் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். கொலின்சின் மனைவி ஜோசப்பின் ரீச்சர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அவள் குசினிக்குள் போகும் வரை காத்திருந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, பாதீட்டைத் தோற்கடிக்கிறம். தலைமை முடிவெடுத்திட்டுது. ஆதரிச்சுக் கை தூக்கினியளெண்டால் உங்கடை ஆசனம் போகும். அடுத்த ஆள் இப்பவே சேட்டுத் தைச்சு வைச்சிருக்கிறார்."

"பாதீட்டிலை என்ன பிழை?"

"பிழை ஒண்டுமில்லை. அதுதான் பிரச்சினை."

உண்மைதான். முன்பள்ளி ஆசிரியைகளின் கொடுப்பனவு, இலவச சித்த மருந்தகத்துக்கு மருந்து, குப்பை அள்ளும் உழவு இயந்திரத்தில் போகும் தொழிலாளர்களுக்கு நிரந்தர வேலை. இந்த மூன்றிலும் கட்சிக்கு ஆட்சேபனை கிடையாது. சபைக்குத் தலைமை வகிக்கும் தவிசாளர் விமலேஸ்வரி மற்றக் கட்சிக்காரி. மூன்றையும் அவர் கொடுத்தார் என்று பெயர் வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

கொலின்சின் சங்கடம் வேறு. அந்தோனியார் கோயில் வளவிலுள்ள முன்பள்ளியில் படிப்பிப்பவள் ஜோசப்பின். பாதீடு தோற்றால் கொடுப்பனவு இல்லை, தையில் முன்பள்ளியும் இல்லை. கட்சிக்குக் கை தூக்கினால் வீட்டில் இருக்க முடியாது. வீட்டுக்குக் கை தூக்கினால் சபையில் இருக்க முடியாது.

அன்றிரவு அவர் கணக்குப் பார்த்தார். அவரை விட்டுப் பார்த்தால், பாதீட்டை ஆதரிக்கும் பக்கம் ஒரு வாக்குக் குறைவு. அவர் அந்தப் பக்கம் போனால் சமமாகும். சமமானால் தவிசாளர் இன்னொரு வாக்குப் போடலாம், பாதீடு வெல்லும். அவர் பேசாமல் வீட்டில் படுத்திருந்தாலோ அது தானாகவே தோற்கும். ஆசனமும் தப்பும், கை தூக்கிய பழியும் வராது. விடிந்தபோது அவருக்குக் காய்ச்சல்.

மீன்பிடிக்கப் போன காலத்தில் உடம்பு கொதிக்கக் கொதிக்கக் கரைவலை இழுத்த மனிதர் இவர். சபைக் கதிரையில் இருக்கத் தொடங்கியதும் உடம்பு நொய்ந்துவிட்டது போலும்.

ஜோசப்பின் வந்து நெற்றியில் கை வைத்தாள். மண்பானை போலக் குளிர்ந்திருந்த நெற்றி.

"ஐயோ, நெருப்பாய்க் கொதிக்குதே!" என்றாள்.

கொலின்சுக்குத் தன் நடிப்பில் பெருமை வந்தது. முனகலைக் கொஞ்சம் கூட்டினார். இருபது வருசம் குடும்பம் நடத்திய பிறகும் மனைவியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஒரு மனிதர் சபைக்குத் தெரிவாகலாம் என்பது இதிலிருந்து விளங்கும்.

காலையில் கஞ்சி. மத்தியானமும் கஞ்சி. இரவு, கஞ்சியின் தண்ணீர். குசினியில் களப்பு றால் பொரிகிற மணம் வந்தது.

"என்னப்பா, ஒரு துண்டு..."

"விசரே உங்களுக்கு? காய்ச்சலுக்கு றால் விசம்" என்றாள் ஜோசப்பின். சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை விடியவே சனம் வரத் தொடங்கியது. இந்தக் கரையில் வருத்தம் என்பது ஒருவருடைய சொந்தச் சொத்து அல்ல. படுத்தவனைப் பார்க்கப் போகாவிட்டால் குறை வந்துவிடும். பாணோடு வந்தவர்கள் இருந்து கதைத்தார்கள். பிஸ்கட்டோடு வந்தவர்கள் அதைத் தாங்களே பிரித்துத் தேத்தண்ணியோடு முடித்தார்கள். குப்பை உழவு இயந்திரத்தில் வேலை செய்யும் மாயாண்டி இரண்டு செவ்விளநீர் கொண்டுவந்தான். மலையகத்திலிருந்து தகப்பன் காலத்தில் வன்னிக்கு வந்த குடும்பம். நாட்கூலிக்கே தலை நரைத்துவிட்டது.

"ஒடம்பப் பாத்துக்கங்க ஐயா. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

ஒருவரும் வாக்கைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொலின்ஸ் கோபித்திருக்கலாம், கட்சிக் கட்டுப்பாடு என்று முழங்கியிருக்கலாம். கேளாமல் இளநீரை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவனை என்ன செய்வது?

பின்னேரம் கோயிலின் மரியாயின் சேனைப் பெண்கள் தலைவி றஞ்சனியோடு வந்தார்கள். கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்று முழுச் செபமாலையும் சொன்னார்கள். முடிந்ததும் றஞ்சனி நோயாளியின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"முகம் வெளிறிப்போச்சு ரீச்சர். எனக்கெண்டால் பயமாயிருக்கு."

"எனக்கும்தான் அக்கா" என்று ஜோசப்பின் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "பாதரிட்டைச் சொல்லி விட்டிருக்கிறன். நாளைக்குக் காலமை கடைசி எண்ணெய் பூசுதலுக்கு வாறார்."

கட்டிலில் முனகல் நின்றது.

வியாழன் காலை பாதர் எண்ணெய்ச் சிமிழோடு வந்தார். மெழுகுதிரி ஏற்றியாயிற்று, மேசைக்கு வெள்ளைத் துணியும் விரித்தாயிற்று. முற்றத்தில் அரைவாசி ஊர். இன்னும் ஒரு மணித்தியாலம் சமாளித்தால் வாக்கெடுப்பு முடிந்துவிடும் என்று கொலின்ஸ் போர்வைக்குள் கிடந்தார்.

"எல்லாரும் வெளியிலை நில்லுங்கோ. முதல் பாவசங்கீர்த்தனம்" என்றார் பாதர்.

கதவு சாத்தப்பட்டது. கட்சிக்குப் பொய் சொல்லலாம், சபைக்குச் சொல்லலாம், மனைவிக்குக்கூடச் சொல்லிப் பார்க்கலாம். சாகப்போகிறவனுக்குப் பூசுகிற எண்ணெயைச் சும்மா கிடந்து நெற்றியில் வாங்க, அந்தோனியார் கொடியேற்றத்துக்கு வருசாவருசம் கயிறு பிடிக்கிற மனிதருக்கு மனம் வரவில்லை.

"பாதர், எனக்குக் காய்ச்சல் இல்லை."

"தெரியும். உம்மடை மனுசி சொன்னவா. மிச்சத்தைச் சொல்லும்."

மிச்சத்தையும் சொன்னார். பாதர் சிமிழை மூடினார்.

"பொய்க்குப் பரிகாரம், எழும்பிப் போய் உம்மடை கதிரையிலை இரும். எந்தப் பக்கம் கை தூக்கவேணுமெண்டு நான் சொல்லமாட்டன். திருச்சபை அரசியல் கதைக்கிறேல்லை." கொஞ்சம் நிறுத்தி, "முன்பள்ளிக் கூரையைப் போன கிழமைதான் மேஞ்சனாங்கள்" என்றார்.

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொலின்ஸ் வெளியே வந்தபோது றஞ்சனி கத்திய கத்தல் அடுத்த மீன்வாடி வரை கேட்டிருக்கும். "மாதாவே! எண்ணெய் பூச முதலே எழும்பிட்டார்!" அற்புதம் என்றால் அற்புதம்தான், சேனைப் பெண்கள் இரண்டு ஓட்டோ பிடித்து, எழுந்தவர் இடையில் விழுந்துவிடாமல் சபை வாசல் வரை செபித்துக்கொண்டே கொண்டுபோனார்கள். ஜோசப்பின் மட்டும் போகவில்லை. முன்பள்ளி நாள்.

சபையில் கொலின்சைக் கண்ட பிரதீபனின் முகம் மலர்ந்தது. பின்னால் செபமாலையோடு வந்தவர்களைக் கண்டதும் கூம்பியது. பெண்கள் பார்வையாளர் வாங்குகளை நிரப்பினார்கள்.

"பாதீட்டை ஆதரிக்கிற ஆக்கள் கை தூக்குங்கோ" என்றார் விமலேஸ்வரி.

கைகள் எழுந்தன. ஒன்று குறைவு. கொலின்ஸ் மேசையைப் பார்த்தார். இப்போதும் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம்; வந்து இருப்பதுதானே பரிகாரம், தூக்குவது இல்லையே. மாயாண்டி வெட்டிக் கொடுத்த இளநீர் நெஞ்சுக்குள் எங்கேயோ நின்றது. பின்வரிசை வாங்கிலிருந்து றஞ்சனி, யாருக்கும் கேட்காத குரலில் என்று நினைத்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"ஆளை எழுப்பின ஆண்டவருக்கு ஒரு கையை எழுப்பத் தெரியாதோ?"

கை எழுந்தது. வாக்குச் சமம். தவிசாளர் தன் மேலதிக வாக்கைப் போட்டார், பாதீடு வென்றது.

ஞாயிறு பூசையில், நோயிலிருந்து மீண்ட சகோதரனுக்காகப் பாதர் பீடத்தில் நின்று நன்றி சொன்னார். எந்த நோய் என்று சொல்லவில்லை. அன்று பின்னேரம் பிரதீபன் கொலின்சைக் கட்சியிலிருந்து நீக்கும் கடிதத்தோடு வந்தார். விறாந்தை முழுக்கச் சேனைப் பெண்கள் நன்றிச் செபத்தில் நின்றார்கள்.

"வாங்கோ தம்பி, முழங்காலிலை நில்லுங்கோ" என்றாள் றஞ்சனி. "இவருக்கு ஆரோ ஆசனத்தைப் பறிக்கப் போகினமாம். மாதா உயிரைத் திருப்பிக் குடுத்த ஆளின்ரை ஆசனத்தைப் பறிக்க எந்தக் கட்சிக்குத் துணிவு வரும், சொல்லுங்கோ?"

பிரதீபன் சைவ சமயக்காரர். ஆனாலும் அங்கே நின்ற தலைகளையும், தலைக்குப் பின்னால் வீட்டுக்கு வீடு இருந்த வாக்குகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு முழங்காலில் நின்றார். முடிந்ததும் படலையடியில் நின்று தலைமைக்குப் போன் எடுத்தார்.

"இல்லை அண்ணை, குடுக்கேல்லை. அவருக்கு உடம்பு இன்னும் சரியில்லை. இந்த நேரத்திலை குடுக்கிறது மனிதாபிமானம் இல்லை."

அடுத்தநாள் கட்சியின் முகநூலில் கை தூக்கியபடி கொலின்சின் படம் வந்தது. ‘கடும் சுகவீனத்திலும் சபைக்கு வந்து, ஆசிரியைகளுக்கும் தொழிலாளருக்கும் வெற்றி பெற்றுத் தந்த எமது கட்சியின் உறுப்பினர்.’

"தோற்கடிக்கச் சொன்னது இவையள்தானே?" என்று கொலின்ஸ் போனை மனைவியிடம் நீட்டினார்.

பிள்ளைகளுக்குக் கலர்த்தாள் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப்பின் நிமிரவில்லை.

"அதை விட்டுட்டுப் போய் தாடியை வழியுங்கோ. பின்னேரம் உங்களுக்குப் பாராட்டு விழாவாம். பிரதீபன்தான் தலைமையாம்."