சிவப்புச் சாக்பீஸ்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டாலும் கையெழுத்துக்கு மட்டும் டீச்சர் தனியாக 'குட்' போட்டுக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஓசூர் சிப்காட்டில் முப்பத்தொரு பேர் வேலை பார்த்த சின்னக் கம்பெனி எங்களுடையது. பைக்கின் பிரேக் லீவருக்குள் உட்காருகிற சின்ன இரும்பு வளையம், புஷ் என்போம், அதைக் கடைந்து துளை போட்டு ஒரு பெரிய பைக் கம்பெனிக்கு அனுப்பினோம். வேறு ஆர்டர் கிடையாது. பெட்டிக்குப் பத்து பீஸ் எடுத்து அளந்து பார்த்து 'சரி' என்று முத்திரை குத்துவது என் வேலை. என் பெயர் ருக்மணி. ருக்மணிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். பொய் இல்லை.

2005 கடைசியில் முதலாளி பரமசிவம் ஒரு கரும்பலகை வாங்கி கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். முந்தின நாள் யார் யார் எத்தனை பீஸைக் கெடுத்தார்கள் என்று பெயரோடு சிவப்புச் சாக்பீஸில் எழுத வேண்டும். எழுதியது நான். ஆசையாகத்தான் எழுதினேன், மறைப்பதற்கென்ன. 'ராஜப்பன் – 9. தில்ஷாத் – 6.' கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுகிற மாதிரி நிறுத்தி நிதானமாக எழுதுவேன். ஆறே மாதத்தில், ஒரு நாளைக்கு முப்பது கெட்டுக்கொண்டிருந்தது மூன்று, நான்கு என்று இறங்கிவிட்டது. "பார்த்தீங்களா சார், ரோஷம் வந்தா வேலை தானா நடக்கும்" என்று முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன்.

கூத்து என்னவென்றால், இங்கே போர்டில் எண்ணிக்கை இறங்க இறங்க, அங்கே பைக் கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வர ஆரம்பித்தது. துளை பெரிதாக இருக்கிறது, லீவர் ஆடுகிறது என்றார்கள். அவர்கள் அளப்பதில்தான் தப்பு என்று நான் சாதித்தேன். 2006 செப்டம்பரில் மூன்றாவது முறையாகச் சரக்கு திரும்பியபோது கூடவே ஒரு கடிதம் வந்தது. அக்டோபர் கடைசியில் எங்கள் ஆள் நேரில் வருவார், அவர் பார்க்கிற சரக்கிலும் குறை இருந்தால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. அது நடந்தால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பக்கத்து மத்திகிரியில் வாடகைக்கு இருந்தார்கள், வீட்டைக் காலி செய்ய வேண்டும். நானும் சொந்த ஊரான தருமபுரிக்கு மூட்டை கட்ட வேண்டும்.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை. அதற்கு முந்தின நாள் மெஷினை நிறுத்திவிட்டு ஷெட்டை மூலை முடுக்கெல்லாம் கழுவுவது வழக்கம். பின்பக்கம் கை கழுவுகிற சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, அன்றைக்கு மட்டும்தான் அதைக் காலி செய்வோம். எங்கள் சூப்பர்வைசர் ஜெகதீஷ், டிப்ளமோ முடித்த பையன், பேன்ட்டை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கியவன் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தான். எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. சேற்றுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி வெளியே நீட்டினான். அத்தனையும் புஷ்.

"இதேனம்மா இது?" என்று பேக்கிங் நஞ்சம்மா கன்னடத்தில் வாயைப் பிளந்தார். அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. நானே எண்ணினேன். நானூற்றுப் பதினேழு.

"எவன்டா இதைப் பண்ணினது? என் கண்ணுல மண்ணைத் தூவிட்டீங்களே! பேசுங்க! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அப்போது தில்ஷாத் முன்னால் வந்தாள். நான்காம் நம்பர் மெஷின் அவளுடையது. நோன்பு இருந்ததால் உதடு காய்ந்திருந்தது.

"அதுல என்னுதும் இருக்குதுக்கா" என்றாள். "பாதி சரி பாதி சரியில்லைன்னு இருந்ததை நல்லதுகூடக் கலந்துட்டேன். சுத்தமா கெட்டதைத் தொட்டியில போட்டேன். எல்லாரும்தான் போட்டோம்."

"எங்கிட்டச் சொன்னா என்ன, முழுங்கிடுவேனா?"

"சொன்னா போர்டுல போடுவீங்க" என்றாள். "எம் பொண்ணு ஹீனாவை ஸ்கூல் வேன் இந்த கேட்டுலதான் இறக்கி விடும். இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டா. ஒரு நாள் போர்டைப் படிச்சிட்டு ஓடி வந்தா. 'அம்மா, உன் பேரைப் பெருசா, அழகா எழுதியிருக்காங்க, உனக்கு என்ன பிரைஸ்?'ன்னு கேட்டா. நான் என்னத்தக்கா சொல்றது?"

அழகாக எழுதியது நான்தானே.

பரமசிவம் தொட்டிச் சுவரில் வந்து உட்கார்ந்தார். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் ஒரு புஷ்ஷை எடுத்து வேட்டியில் துடைத்தார். "நான் வேலை பார்த்த இடத்துல தொட்டி கிடையாது. கெடுத்த பீஸை டிபன் பாக்ஸுல போட்டு வெளியே எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், "ஜெகா, என்ன பண்ணலாம், சொல்லு" என்றார்.

ஜெகதீஷ் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். போர்டில் பேரே வேண்டாம். கெட்ட பீஸை ஒளிக்காமல் சிவப்பு டிரேயில் போடட்டும். எந்த மெஷின், எத்தனை மணி, என்ன ஆச்சு, இவ்வளவுதான் எழுத வேண்டும். யார் என்று யாரும் கேட்கக் கூடாது.

"நல்லாருக்குது நியாயம்! அப்புறம் எவன் பயப்படுவான்?" என்று நான் சண்டைக்குப் போனேன். முதலாளி காதில் வாங்கவில்லை. ஈரத்துணியை எடுத்து அவரே போர்டைத் துடைத்தார்.

மறுநாள் பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தோம். என் கேஜுக்கும் வைத்தேன். கேஜ் என்பது விரல் நீள இரும்புத் தண்டு, ஒவ்வொரு மெஷினிலும் ஒன்று இருக்கும். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போய்விட்டால் துளை பெரிது, பீஸ் கழிவு. எட்டு வருஷமாக எனக்குச் சோறு போட்டது அதுதான். இரண்டு முனைக்கும் தாராளமாகவே பூசினேன். பூஜையில் வைத்த பொட்டை நாங்கள் துடைப்பதில்லை, தானாக அழிய வேண்டும்.

புது ஏற்பாட்டின் முதல் வாரம் சிவப்பு டிரே வழிந்தது. ஒரு நாளைக்கு நாற்பது! "பார்த்தீங்களா லட்சணத்தை" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஜெகதீஷ் போர்டில் இருந்த நேரங்களைத் தினமும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். பத்தாம் நாள் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். பத்தே முக்கால், பத்து ஐம்பது, மூணு பத்து, மூணே கால். டீ முடிந்து வந்து போடுகிற முதல் இரண்டு மூன்று பீஸ்தான் கெடுகிறது, மெஷின் எதுவானாலும் சரி. டீ நேரத்தில் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லி, கரண்ட் மிச்சமாகும் என்று ஆர்டர் போட்டவர் முதலாளியேதான். ஆறிப்போன மெஷின் மறுபடி சூடேறும்வரை துளை பெரிதாகவே விழுந்திருக்கிறது. ஏறக்குறைய ஒரு வருஷமாக இதற்கு நான் ராஜப்பன் என்றும் தில்ஷாத் என்றும் பேர் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அடப்பாவி, நான்தானா?" என்றார் முதலாளி. மறுநாளிலிருந்து டீ நேரத்தில் மெஷின் சும்மா ஓடியது. டிரேயில் விழுவது பத்தாகி, ஐந்தாகியது. வேலை நேரத்தில் பேச்சும் சிரிப்பும் கேட்டது. வாயே திறக்காத ராஜப்பன்கூட, கட்டிங் டூலை எத்தனை பீஸுக்கு ஒருமுறை மாற்றலாம் என்று ஜெகதீஷிடம் வாதம் செய்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

பைக் கம்பெனி ஆள் பார்க்க வரப்போகிற சரக்கு இரண்டாயிரம் பீஸ். இந்த முறை ஒன்றுவிடாமல் அளந்தேன். நடுவில் தில்ஷாத்தோடு ஒரு தகராறு. அவள் டிரேயில் போட்ட பதினோரு பீஸை என் கேஜில் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது.

"நல்ல பீஸை எல்லாம் எதுக்குத் தூக்கிப் போடறே? பேர் எழுதறதில்லைன்னு குளிர் விட்டுப் போச்சா?"

"என் கேஜுல மறுமுனை உள்ளே போகுதுக்கா."

"அப்ப உன் கேஜ் தேஞ்சிருக்குது. எங்கிட்டேயே சொல்றியா?" என்று அதட்டி, பத்தைப் பெட்டியில் போட்டேன். ஒன்றை மட்டும் அவளுக்குக் காட்டுவதற்காக மேஜையில் வைத்தேன்.

ரம்ஜான் முடிந்த அடுத்த திங்கட்கிழமை. மறுநாள் அந்த ஆள் வருகிறார். பெட்டிகள் ஒட்டி முத்திரை குத்தி வரிசையாக நின்றன. மாலை வெயில் ஜன்னல் வழியாக மேஜையில் விழுந்தபோது கேஜ் மஞ்சளாக மினுங்கியது. உற்றுப் பார்த்தேன். துளைக்குள் போய் வருகிற முனை பளிச்சென்று இருந்தது. போகக் கூடாத முனையில் சந்தனம் எண்ணெயோடு காய்ந்து, சுற்றி மெல்லிசாகப் பிடித்திருந்தது.

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். மேஜையில் இருந்த தில்ஷாத்தின் பீஸை எடுத்து வைத்தேன். போகக் கூடாத முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

நான்கு வாரமாகப் பெரிய துளையையெல்லாம் நான் 'சரி' என்று பெட்டியில் போட்டிருக்கிறேன். யாருக்கும் தெரியாது. அந்த ஆள் எடுத்துப் பார்க்கிற பீஸ் நல்லதாகவே அமைந்துவிட்டால்? ஒன்று சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். அந்த ஒரு புஷ்ஷைக் கைக்குள் வைத்துக்கொண்டு நான் எழுந்து நடந்தேன். எங்கே போகிறேன் என்று யோசிக்கவே இல்லை. நின்று பார்த்தால், பின்பக்கத் தொட்டி முன்னால் நிற்கிறேன்.

அடியில் சிமெண்டு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். ஊரையே திட்டிய ருக்மணிக்கும் கால் இங்கேதான் வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக போர்டுக்குப் போனேன். சாக்பீஸை எடுத்து 'ரு' போட்டேன். அடுத்த எழுத்து ஓடவில்லை. ஷிப்ட் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். விஷயத்தை உடைத்துச் சொன்னேன். "உன் பதினொண்ணும் கெட்டதுதான் தில்ஷாத். நீ சொன்னே, நான்தான் கேக்கலை."

அவள் நாலு வார்த்தை கேட்டு அழ வைப்பாள் என்று நினைத்தேன். அந்த உரிமை அவளுக்கு இருந்தது. அவள் விரலால் 'ரு'வை அழித்தாள். "பேரு வேண்டாம்க்கா. என்ன ஆச்சுன்னு மட்டும் எழுதுங்க" என்றாள். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு, "பெட்டியைப் பிரிக்கலாம், வாங்க" என்றாள்.

ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. முதலாளி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அளந்தார். நஞ்சம்மா போண்டா வாங்கி வந்தார். எட்டு மணிக்குள் இரண்டாயிரத்தையும் முடித்தோம். முப்பத்தெட்டு பீஸ் வெளியே வந்தது.

மறுநாள் வந்தவர் பெயர் அண்ணாதுரை. சிரிக்காத முகம். கேட்டில் காரை விட்டு இறங்கியதும் போர்டின் முன்னால் நின்றுவிட்டார். நான் எழுதியது அப்படியே இருந்தது: 'ஆயுத பூஜைச் சந்தனம் கேஜில் காய்ந்திருந்தது. 2000 பீஸும் மறுபடி அளந்தோம். கெட்டது 38. இனிமேல் தினமும் காலையில் கேஜைத் துடைத்துச் சரிபார்ப்போம்.'

உள்ளே வந்து பெட்டியைப் பிரித்து, தன் கேஜால் நூறு பீஸ் அளந்தார். நூறும் சரியாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே, "சந்தனம் யார் வேலை?" என்றார்.

தொட்டியைச் சுற்றி நின்ற அன்றைக்குப் போலவே எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் வாயெடுப்பதற்குள் தில்ஷாத் சொன்னாள்: "பேரு எழுதறதில்லைங்க சார். என்ன ஆச்சுன்னுதான் எழுதுவோம்."

அவர் அவளைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார். "சரக்கு திரும்பினப்பல்லாம் நீங்க எழுதின பதில் லெட்டர் எல்லாம் எங்கிட்ட ஃபைல்ல இருக்கு. எல்லாத்துலயும் 'இனி நடக்காது'ன்னு ஒரே வரிதான். ஏன் நடந்துச்சுன்னு இன்னைக்குத்தான் படிக்கிறேன்" என்றார். மார்ச் வரைக்கும் ஆர்டர் தொடரும், நடுவில் மாதாமாதம் வந்து பார்ப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பரமசிவம் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். ராஜப்பன் விசிலே அடித்துவிட்டார்.

நாலரைக்கு ஸ்கூல் வேன் வந்தது. ஹீனா முதுகில் பையோடு இறங்கி, வழக்கம்போல போர்டுக்குப் போய் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். "ச... ந்... த... னம். சந்தனம்!" என்று தானே கை தட்டிக்கொண்டாள். முழுதும் படித்துவிட்டு, ஷிப்ட் முடிந்து வெளியே வந்த என் சேலையைப் பிடித்தாள்.

"சந்தனத்தை யாரு பெரியம்மா வெச்சது?"

"நான்தான் கண்ணு" என்றேன். கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.