லெனாட் துப்புரவாக்கிய சதுரம்

குருநகர் லெனாட் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். அவரிடம் இருந்த நல்ல குணம் அது. அன்று அவருக்கு வினையாகிப் போனதும் அதுதான்.

மகள் ஜெனிற்றாவின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான தினம் வரவிருந்தது. கல்விக் கந்தோரிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் நம்மூரில் முதல் வேலை சிரமதானத் துப்புரவுதானே? சனிக்கிழமை கத்தி, மண்வெட்டியோடு வரச்சொல்லிப் பெற்றோருக்குக் கடிதம் வந்தது. எத்தனை கடிதம் வந்தாலும் கடல்தொழிலைச் சாட்டித் தப்பிவிடுகிற லெனாட், இந்த முறை முதல் ஆளாகப் போய் நின்றார். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் மூன்று கிழமையாகப் பூச்சி, புழு என்று ஓயாமல் கதைத்துக்கொண்டு திரிந்தாள். தொழிலால் வந்த களைப்பில் அவர் சோற்றைப் பிசைந்தபடி "ஓம், ஓம்" என்பார்; அவள் கதை பாதிக்கு வருமுன் நித்திரையாகிவிடுவார். அந்தக் கடனுக்காவது இதைச் செய்வோம் என்று நினைத்தார்.

மற்றவர்கள் முன்பக்கத்தில் குப்பை பொறுக்க, லெனாட் பின்மதிலடிக்குப் போனார். எருக்கலையும் நாயுருவியும் இடுப்பளவுக்கு நின்றன. நடுவே நாலு தடி நட்டு நைலோன் கயிறு கட்டியிருந்தது. பிள்ளைகளின் விளையாட்டு என்று கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வெட்டத் தொடங்கினார். மத்தியானத்துக்குள் அந்த மூலை கோயில் முற்றம் மாதிரித் துலங்கியது. வெட்டியதெல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போயிற்று. அதிபர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். லெனாட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பிள்ளை, பின்மதிலடி முழுக்க நான் ஒரு ஆளாத்தான் வெட்டினனான்," என்றார் வீட்டுக்கு வந்ததும்.

ஜெனிற்றா நிமிர்ந்து பார்த்தாள். "நாலு தடி நட்டிருந்த இடமோ, அப்பா?"

"ஓம், அதுதான்."

அந்த ஒரு சதுர மீற்றர் ஜெனிற்றாவுக்கும் அவள் சிநேகிதி நஸ்லியாவுக்கும் சொந்தமானது. றஜனி ரீச்சர் ஒவ்வொரு சோடிக்கும் ஒரு சதுரம் கொடுத்து, அதற்குள் ஊர்வது, பறப்பது எல்லாவற்றையும் எண்ணி எழுதச் சொல்லியிருந்தார். மூன்று கிழமையில் பதினாலு வகை எண்ணியிருந்தார்கள். எருக்கலையில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிபோட்ட புழுக்கள் ஏழு. அதில் இரண்டு கூட்டுப்புழுவாகித் தொங்கின. திங்களோ செவ்வாயோ வண்ணத்துப்பூச்சி வெளியே வந்துவிடும் என்று இருவரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தினை தரம் உங்களுக்குச் சொன்னனான்!" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. அன்று இரவும் இல்லை, அடுத்த நாள் ஞாயிற்றுப் பூசைக்குப் போகும்போதும் இல்லை. அவள் கதைக்காத வீட்டில் லெனாட்டுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளை சொன்னதைக் காது கொடுத்துக் கேட்காத தன்மீதே அவருக்கு ஆத்திரம் வந்தது.

புழுதானே, பிடித்துக் கொடுத்தால் போயிற்று என்று பூசை முடிந்த கையோடு சைக்கிளை எடுத்தார். கொழும்புத்துறையில் மச்சான் வீட்டு முருங்கையில் மயிர் அடர்ந்த புழுக்கள் நூற்றுக்கணக்கில் அப்பிக் கிடந்தன. மீன் கூட்டத்தைக் கண்ட சந்தோஷம் அவருக்கு. மயிர்க்கொட்டி உடம்பில் பட்டால் கடித்துத் தடிக்கும் என்று அவருக்குத் தெரியாததில்லை. கடலில் வலையோடு வரும் சொறிமுட்டையே சுட்ட உடம்பு, இது என்ன செய்யும் என்ற எண்ணம்தான். மீன் பெட்டி நிறைய வழித்துப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேரும்போது கழுத்தும் கையும் தடித்துச் சிவந்திருந்தன. நின்ற இடத்தில் துள்ளினார்.

மனைவி றொசாந்தி தேங்காயெண்ணெய் எடுக்க ஓடினாள். ஜெனிற்றா பெட்டியை எட்டிப் பார்த்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை; வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அப்பா, உது மயிர்க்கொட்டி! எங்கடை புழு எருக்கலையைத் தவிர ஒண்டும் தின்னாது."

"எல்லாம் புழுதானே, பிள்ளை?"

"அப்ப சூடை மீனும் சுறாவும் ஒண்டோ?"

லெனாட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. சொறிந்துகொண்டே அவரும் சிரித்தார். மயிர்க்கொட்டிகள் அன்று பின்னேரமே சைக்கிளில் ஏறி மச்சான் வீட்டு முருங்கைக்குத் திரும்பின.

திங்கட்கிழமை தடித்த கழுத்தோடு றஜனி ரீச்சரின் முன்னால் போய் நின்றார். "ரீச்சர், வெட்டினது நான்தான். பிள்ளையளின்ரை புள்ளியைக் குறைச்சுப் போடாதேங்கோ."

ரீச்சர் பிள்ளைகளின் அட்டவணையை எடுத்துப் பார்த்தார். "லெனாட் அண்ணை, காட்டை வெட்டினால் என்ன நடக்குமெண்டு புத்தகத்திலை இருக்கு. அதைக் கண்ணாலை பாக்கிற சந்தர்ப்பம் இந்தச் சோடிக்குத்தான் கிடைச்சிருக்கு. வெறும் நிலத்துக்கு ஆர் முதல் குடிவருகினம் எண்டு எண்ணட்டும். ஆனால் வெட்டின ஆளும் வந்து எண்ணவேணும்."

வந்தார். கரைக்கு வந்து மீனை விற்ற கையோடு, இடைவேளை மணிக்கு முன்னால் மதிலடியில் குந்தியிருப்பார். முதல் நாள் இரண்டு எறும்பு. அடுத்த நாள் எறும்புச் சாரையும் ஒரு சிலந்தியும். "சிலந்தியைப் பூச்சியோடை சேர்க்கக்கூடாது, எட்டுக் கால்," என்று நஸ்லியா அவரைத் திருத்தினாள். எட்டாம் நாள் எருக்கலைக் கட்டையில் துளிர் கண்டது. பத்தாம் நாள் நிலத்தில் குப்புறப் படுத்து இலைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்த லெனாட், பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கக் கத்தினார். "முட்டை! பிள்ளையள், முட்டை!" ஊசி முனையளவு வெள்ளை. மூவரும் கைகோர்த்துக்கொண்டு ஆடாத குறை.

விஞ்ஞான தினத்தன்று கந்தோர்ப் பெரியவர் அவர்களுடைய அட்டவணைக்கு முன்னால் நின்றார். "முதல் பதினாலு வகை. பிறகு ஒரேயடியா இரண்டு எறும்பு. இடையிலை என்ன நடந்தது, பிள்ளை?"

ஜெனிற்றா பெற்றோர் பக்கம் பார்த்தாள்.

"இடையிலை என்ரை அப்பா வந்தவர், சேர்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. லெனாட் தலையைக் குனிந்துகொண்டார். அவள் முடிக்கவில்லை. "அதுக்குப் பிறகு ஒரு நாளும் விடாமல் எண்ண வந்தவரும் அப்பாதான். முட்டையைக் கண்டதும் அவர்தான். எங்கடை பேருக்குக் கீழை அப்பாவின்ரை பேரையும் எழுதியிருக்கிறம்."

பெரியவர் அவரை முன்னால் கூப்பிட்டு, இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார். லெனாட் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார். எறும்பில் தொடங்கி முட்டைக்கு வருவதற்குள் கால் மணித்தியாலம் ஓடிவிட்டது. ஜெனிற்றாதான் பின்னால் வந்து அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, கதைச்சது காணும். மற்றப் பிள்ளையளும் கதைக்கவேணும்."