பக்கத்து சீட்டு பிரேக்

கிளட்ச் அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவளுடைய எதிர்வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேர் ஸ்டியரிங் பிடித்ததே அவளிடம்தான். "கிளட்ச், கிளட்ச், கிளட்சை மிதி" என்று அவள் போடுகிற சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். பெயர் ஒட்டிக்கொண்டது, அவளும் அதைப் பிய்த்தெறிய நினைக்கவில்லை.

பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அக்கா சத்தமே இல்லாமல் மிதித்துவிடுவாள். மிதித்தது பல பேருக்குத் தெரியவே தெரியாது. என்ன அழகாக நிறுத்தினோம் பார் என்று தாங்களாகவே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அக்காவும் விட்டுவிடுவாள்.

அவள் பாடம் நடத்துகிற இடம் ஸ்டேஷன் ரோடு. கோடு கிழித்த மாதிரி நேராக, மைதானம் மாதிரி அகலமாக இருந்த ரோடு. அதுதான் வில்லங்கமே. அவ்வளவு அகலத்தைப் பார்த்தால் எவனுக்குத்தான் கால் சும்மா இருக்கும்? வண்டிகள் பறக்கும். ரயிலை விட்டு இறங்கிய ஜனம் பையும் பிள்ளையுமாக ஓரத்தில் நின்று, நின்று, கடைசியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும். சைக்கிளில் வருகிறவர்கள் சாக்கடை ஓரமாக ஒட்டிக்கொண்டு போவார்கள். இதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. மழை பெய்தால் நனைவது போல, ஸ்டேஷனுக்குப் போனால் ஓடத்தான் வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நினைக்காதவள் ஒருத்தி இருந்தாள். அவள் அக்காவின் ஒரே மகள். நகராட்சியில் சாலைப் பிரிவு இன்ஜினியர். தன் பொறுப்பில் வந்த முதல் வேலைக்கு இந்த ரோட்டைத்தான் எடுத்தாள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கம்பங்களை நட்டு ரோட்டைக் குறுக்கினாள். ஸ்டேஷன் வாசலுக்கு எதிரே, ஜனம் கடக்கிற இடத்தை நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினாள். சைக்கிளுக்கென்று தனியாக ஒரு பாதையைப் பச்சை வண்ணம் அடித்து ஸ்டேஷன் வாசல் வரை கொண்டுபோனாள். எல்லாம் வெள்ளோட்டம்தான். கவுன்சிலர் வந்து பார்த்து, சரி என்றால் கம்பங்கள் இருக்கிற இடத்தில் கான்கிரீட் வரும். வேண்டாம் என்றால் அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் பிடுங்கி லாரியில் ஏற்றிவிடுவார்கள், மகளின் திட்டம் அத்தோடு பரணில் ஏறிவிடும்.

பச்சைப் பாதை போனது எந்த இடத்தில் தெரியுமா? அக்கா இத்தனை வருஷமாக ஓரங்கட்டி நிறுத்தக் கற்றுக்கொடுத்த அதே இடத்தில்.

"ஏண்டி, உனக்கு ஊர்ல வேற ரோடே கிடைக்கலையா?" என்று சாப்பாட்டு மேஜையில் அக்கா கேட்டாள்.

"ரயில் அங்கதானேம்மா நிக்குது."

"வெளியாள் என் பொழப்புல மண்ணைப் போட்டிருந்தா நாலு வார்த்தை கேட்டுட்டு வந்திருப்பேன். பெத்த பொண்ணே போட்டா யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

"என்கிட்டயே சொல்லு. நான்தான் இன்ஜினியர்."

அக்காவின் வீட்டுக்காரர் மனைவி பேசும்போது மனைவி பக்கம் தலையாட்டினார், மகள் பேசும்போது மகள் பக்கம் தலையாட்டினார். கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் அவர் அடிவாங்காமல் பிழைத்தது அப்படித்தான்.

வியாபாரிகள் சங்கத்துத் தலைவர் ஹார்டுவேர் கடைக்காரர். தன் கடை வாசலில் கார் நிறுத்த முடியாமல் போனதில் அவருக்கு அடிவயிறு எரிந்துகொண்டிருந்தது. அக்காவைத் தேடி வந்தார்.

"நாங்க என்ன கத்தினாலும் கடைக்காரன் கத்துறான்னுடுவாங்க. நீங்க வண்டி சொல்லிக் குடுக்கறவங்க. நீங்க ஆபத்துன்னா அது ஆபத்து."

அந்த வார்த்தையில் அக்காவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவளுக்கு ஒரு யோசனையும் வந்தது. நன்றாக ஓட்டுகிறவன் எந்த ரோட்டிலும் ஓட்டிவிடுவான், அவனை வைத்து ரோட்டை எடை போட முடியாது. ரோட்டின் லட்சணம் தெரிய வேண்டுமென்றால் மோசமாக ஓட்டுகிறவனைத்தான் விட வேண்டும். இது அவள் தொழிலில் கண்ட கணக்கு. மோசமானவர் யார் என்று தேட வேண்டிய அவசியமும் இல்லை. அவளிடம் பல் டாக்டர் இருந்தார்.

பல் டாக்டர் தங்கமான மனுஷர். மற்றவர்கள் வாய்க்குள் எறும்பு ஊர்வது போல மெதுவாக வேலை பார்ப்பார். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டால் வேறு ஆள். அகலமான ரோட்டைக் கண்டதும் ஆக்ஸிலேட்டரில் கால் கல்லாகிவிடும். லைசென்ஸ் பரீட்சையில் எத்தனை முறை தோற்றார் என்று எண்ணுவதையே அவர் விட்டுவிட்டார். ஸ்டேஷன் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அக்காவின் கால் பிரேக்கை விட்டு எழுந்ததே இல்லை, அவர் புண்ணியத்தில்.

"டாக்டரை ஓட்டச் சொல்லலாம்," என்றாள் அக்கா. "ரயில் வர்ற நேரத்துல. கவுன்சிலர் பின்னாடி உட்காரட்டும். டாக்டர் நாலு கம்பத்தைச் சாய்ச்சார்னா கவுன்சிலரே இறங்கி ஓடிடுவார்."

அன்றிரவு மகளிடம் இதை மறைக்கவில்லை. முதுகில் குத்துகிற பழக்கம் அக்காவிடம் கிடையாது. மகள் தட்டைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டாள். முகம் சுண்டிப் போயிற்று.

"செய்ம்மா. எனக்காக எதையும் கூட்டிச் சொல்லாத, குறைச்சும் சொல்லாத. அது போதும்," என்றாள்.

குறித்த சாயங்காலம் பின் சீட்டில் கவுன்சிலரும் ஹார்டுவேர்காரரும் ஏறினார்கள். கவுன்சிலர் பெல்ட்டைப் போட்டு, மேலே இருந்த கைப்பிடியையும் பிடித்துக்கொண்டார். டாக்டர் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தார். ஸ்டேஷனில் ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டது. மகள் அங்கே வாசலில்தான் எங்கோ நிற்கிறாள் என்று அக்காவுக்குத் தெரியும். தேடிப் பார்க்கவில்லை.

வண்டி கிளம்பியது. வழக்கமாக டாக்டர் கால் கல்லாகிற இடம் வந்தது. அக்கா பிரேக்கின் மேல் காலை வைத்துத் தயாராக இருந்தாள்.

"அக்கா, இடம் பத்தாது போல இருக்கே," என்று டாக்டர் முனகினார். இரண்டு பக்கமும் கம்பங்கள் நெருங்கி வந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து அவர் காலே தானாக எழும்பியது. வண்டி தணிந்தது. அக்கா ஒன்றும் செய்யவில்லை.

பச்சைப் பாதையில் ஒருவர் பின்னால் ஏணியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனார். பழைய ரோடாக இருந்தால் டாக்டர் ஏணியோடு அவரை அள்ளியிருப்பார். இப்போது அவர் அவர் பாட்டுக்கு, இவர் இவர் பாட்டுக்குப் போனார்கள். மேட்டை நெருங்கும்போது ஜனம் இறங்கியிருந்தது. தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண், காதில் போனோடு ஒருத்தன், பெட்டியை உருட்டிக்கொண்டு ஒருத்தர். டாக்டர் நிறுத்தினார். கடைவாய்ப் பல்லைத் தொடுகிற பதத்தில் நிறுத்தினார். திரும்பக் கிளப்பும்போது என்ஜின் அணைந்துபோனது வேறு விஷயம். அது அவரோடு பிறந்தது.

மறுபடி கிளம்பி முனை திரும்பும் இடத்தில், பள்ளிச் சீருடையில் ஒரு பெண் சைக்கிளைச் சடாரென்று குறுக்கே விட்டாள்.

அக்காவின் கால் பிரேக்கைத் தொட்டது. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாமே தெரிந்தது. இப்போது ஓங்கி மிதித்தால் போதும். வண்டி குலுங்கும், கவுன்சிலர் நெற்றியை இடித்துக்கொள்வார், "நான் மிதிக்கலேன்னா பொண்ணு போயிருக்கும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. கம்பங்கள் லாரியில் ஏறும், அகலமான ரோடு திரும்பி வரும், அவள் தொழில் பிழைக்கும். தான் மிதித்ததை ஓட்டுகிறவர்கூடக் கண்டுபிடிக்க முடியாதே. ஆசை இல்லாமல் இல்லை, நன்றாகவே இருந்தது.

ஆனால் டாக்டரின் கால் அதற்குள் தன் பிரேக்கில் இருந்தது. வண்டி ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்தது, நின்றும் விட்டது. சைக்கிள் பெண் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். அக்கா தன் காலை எடுத்துத் தரை விரிப்பில் வைத்தாள். அந்த டாக்டரை அத்தனை மாதம் தொண்டை வறளக் கத்தியும் அவளால் மெதுவாக்க முடிந்ததில்லை. அவள் மகள் ரோட்டை வைத்தே அவரை மெதுவாக்கிவிட்டாள். அக்காவுக்கு ரோஷமும் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. அது பெருமை என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஓரமாக நிறுத்தியதும் கவுன்சிலர் கைப்பிடியை விட்டார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. உங்க பக்கத்து பிரேக்கை எத்தனை தடவை போட்டீங்க?"

"போட்டுக்கிட்டேதான் வந்திருப்பாங்க," என்றார் ஹார்டுவேர்காரர். "டாக்டரை எங்களுக்குத் தெரியாதா?"

டாக்டரும் திரும்பி அக்காவைப் பார்த்தார். பாவம், அவருக்கே நம்பிக்கை இல்லை.

"ஒரு தடவைகூட இல்ல," என்றாள் அக்கா. "எல்லாம் டாக்டர் போட்ட பிரேக்."

டாக்டரின் கண் கலங்கிவிட்டது. ஹார்டுவேர்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"பொண்ணுங்கறதுக்காகப் பேசுறீங்கக்கா."

"பொண்ணுக்காகப் பேசுறவளா இருந்தா உங்ககூடச் சேர்ந்து இந்த வண்டியை எடுத்திருப்பேனா? ரோட்டைத் தோக்கடிக்கத்தான் இவரைக் கூட்டிட்டு வந்தேன். இந்த ரோடு இவரையே ஓட்ட வச்சிடுச்சு. இதுக்கு மேல இதுல சோதிக்க ஒண்ணுமில்ல. எழுதிக்குங்க, இது ஆபத்தில்ல. பழைய ரோடுதான் ஆபத்து, அதுல இத்தனை நாள் நான் பிரேக் போட்டே காலம் தள்ளிட்டேன்."

கவுன்சிலர் இறங்கி, ஜனம் கடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்து, கான்கிரீட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டார். சரக்கு இறக்க மட்டும் கடைகளுக்குப் பக்கத்துச் சந்தில் இடம் ஒதுக்கச் சொன்னார். ஹார்டுவேர்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

மகள் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னம்மா ஆச்சு? எத்தனை தடவை மிதிச்ச?"

"மிதிக்கிறதுக்கு நீ எங்கடி வேலை வச்ச?"

மகளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நகராட்சி இன்ஜினியர், நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க.

"போதும்டி. ஓரங்கட்டச் சொல்லிக் குடுக்க எனக்கு வேற இடம் பாத்துக் குடு, அதுல உன்னைச் சும்மா விடமாட்டேன்," என்றாள் அக்கா. பிறகு ரோட்டைப் பார்த்தாள். "வா, அந்தப் பக்கம் போலாம். வண்டியிலயே போய்ட்டிருக்கேன், நீ போட்டதுல இன்னும் நடந்தே பாக்கல."

மேட்டில் கால் வைத்ததும் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. முன்னால் நின்ற காரில் இருந்தவன் அவளுடைய பழைய மாணவன். அக்கா நட்டநடுவில் நின்று அவன் கார் மூக்கைத் தட்டினாள். அவன் பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினான்.

"என்னக்கா, ஏதாவது தப்பா ஓட்டிட்டேனா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. இது என் பொண்ணு போட்ட ரோடு. தெரிஞ்சு வச்சுக்கோ."

பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவனும் அவளிடம் படித்தவன்தான், கையை எடுத்துவிட்டான். அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் மீதி ரோட்டைக் கடந்தாள்.