வயிற்றில் கை வைக்கும் நேரம்

கெய்ரோவின் முகமது அலி தெருவில் ஆட்டக்காரிகளுக்குள் இருக்கும் போட்டி சொல்லி மாளாது. ஒருத்தி தும்மினால் போதும், அவள் இடத்துக்கு இன்னொருத்தி உடைப் பெட்டியோடு வந்து நிற்பாள். அதனால்தான் நபவிய்யா தன் ஐந்து மாத வயிற்றைப் பற்றி, அதே குழுவில் மேளம் வாசிக்கும் கணவன் ஷஹாத்தாவைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. குழுத் தலைவி உஸ்தா ஹமீதாவோ, பிள்ளை உண்டானவளை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவள். கலியாணக் காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இடம் போனால் போனதுதான்.

சினிமா வந்தபிறகு எல்லோருக்கும் ஜிகினா உடைதான் வேண்டும். மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, நடுவில், வயிறு தெரியக்கூடாதென்ற சர்க்கார் உத்தரவுக்காக ஒரு வலைத்துணி. அந்த வலை எதையும் மறைத்ததாக யாரும் சொன்னதில்லை. நபவிய்யா பெட்டியின் அடியிலிருந்து நீள அங்கியை எடுத்தாள். முன்காலத்து ஆட்டக்காரிகள் வீடுகளில் பெண்களுக்கு நடுவே ஆடியபோது போட்ட மாதிரியானது. இடுப்பில் ஒரு சால்வையைக் கட்டிக்கொண்டால் வயிறு போன இடம் தெரியாது.

கலியாணப் பந்தலில் மாப்பிள்ளையின் தாய் அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, தூங்கப் போற மாதிரி வந்திருக்கே?"

"இதுதாம்மா அசல். உங்க கலியாணத்துல ஆடினவ என்ன போட்டிருந்தா?"

கிழவி யோசித்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அவளா! அவ ஆடினா வீடே கூட ஆடும்டி!"

தலையில் மெழுகுவத்திகள் எரியும் கிளைவிளக்கோடு நபவிய்யா ஆடினாள். சுடர்கள் நிமிர்ந்து நிற்க, இடுப்பு மட்டும் மேளத்தோடு வம்பு பேசியது. பிழைத்தோம் என்று அவள் விளக்கை இறக்கியபோது போட்டோக்காரன் கத்தினான்.

"மாப்பிள்ளை, பொண்ணு, வாங்க! வயித்துல கை வைங்க!"

நபவிய்யா சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். ஆட்டக்காரியின் வயிற்றில் ஜோடி கை வைத்தால் சீக்கிரம் பிள்ளை பிறக்கும் என்பது ஊர் வழக்கம். எத்தனையோ ஜோடிகள் தொட்டுத் தொட்டு, அது ஒரு விஷயமாகவே படாமல் போய்விட்டது அவளுக்கு. எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டவள் இதைக் கோட்டைவிட்டாள், பாவம்.

மாப்பிள்ளை கேமராவைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான். மணப்பெண் ஃபிக்ரிய்யாதான் வீலென்றாள்.

"ஐயோ, உதைக்குது!"

ஷஹாத்தாவின் கை மேளத்தின் மேலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் தாய் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து தானும் கை வைத்தாள்.

"உள்ள ஆள் இருக்குடி! ஊர்ப் பொண்ணுங்கல்லாம் வெறும் வயித்தைத் தொடுறாளுங்க, என் மருமக நெறஞ்ச வயித்தைத் தொட்டிருக்கா!"

கிளம்பியது பார் குலவை! பெண்கள் வரிசைகட்டி நின்றார்கள். குழந்தையும் சளைக்காமல் உதைத்தது.

வரிசை சட்டென்று விலகியது. உஸ்தா ஹமீதா வந்து நின்றாள்.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு, உஸ்தா."

"என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டியேடி."

"அனுப்பிடாதீங்க உஸ்தா. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

உஸ்தாவின் கண் நபவிய்யாவின் வயிற்றின் மேலேயே இருந்தது. இளவயதில் அவளும் ஆடியவள்தான். ஊரில் பாதி மணப்பெண்கள் அவள் வயிற்றைத் தொட்டுப் பிள்ளை பெற்றார்கள். சிலர் தூக்கிக்கொண்டு வந்து காட்டிவிட்டும் போனார்கள். அவள் வீட்டில் மட்டும் தொட்டில் கட்டவே இல்லை. இத்தனை நாள் இவளைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டியதை நினைத்து நபவிய்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிமே விளக்கைத் தலையில தூக்காதே. உக்காந்து பாடு. நீ பெத்து எழுந்திருக்கிற வரைக்கும் உன் இடத்துல எவளையும் விடமாட்டேன்," என்றாள் உஸ்தா. பிறகு மெல்லக் கையை நீட்டி வயிற்றில் வைத்தாள். குழந்தை அசையவில்லை.

"ஏன்டி, எல்லாருக்கும் உதைச்சான். எனக்கு மட்டும் மாட்டானாமா?"

நபவிய்யா அந்தக் கையைப் பிடித்துக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். கணவனைத் திரும்பிப் பார்த்து, "வாசிங்க," என்றாள்.

மேளம் எழுந்தது. உள்ளேயிருந்து பலமாக ஓர் உதை விழுந்தது. உஸ்தா கையை எடுக்கவே இல்லை.