கவன்யா

“‘முற்றுகை’ன்னே எழுதுங்க, மாலம்.”

வானொலியில் செய்தி வாசிக்கச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள், எதை வேண்டுமானாலும் கேள், இந்தச் சொல்லை மட்டும் கேட்காதே என்று. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாயை மூடிக்கொள்ளும் பாடம் அதில் இல்லை.

நான் ‘மாலம்’, அதாவது ஐயா, என்று அழைக்கும் செய்தி ஆசிரியர் கர்ஸாலி தாளை என் பக்கம் தள்ளினார். ‘துங்கர் ஸபோ பகுதியில் பாதுகாப்புச் சிக்கல்.’ என் அம்மா இருக்கும் ஊர். கொள்ளைக்காரர்கள் எல்லா வழியையும் மறித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட முற்றுகையை எங்கள் ஹௌசா மொழியில் கவன்யா என்போம். தடியின் முனையில் இறுக்கி அடிக்கும் இரும்பு வளையத்துக்கும் அதே பெயர்தான்.

“அந்தச் சொல்லைச் சொன்னாத்தான் தானிய லாரிக்கு ராணுவத்தைத் துணைக்கு அனுப்புவாங்க. சிக்கல்னு சொன்னா யார் வருவா?” என்றேன்.

“பட்டதாரியம்மா, உங்கம்மாவையே கேளு. முற்றுகைன்னு அவங்க சொல்லட்டும், பாப்போம்.”

கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அம்மாவை அழைத்தேன்.

“நல்லாருக்கோம், ஏ பொண்ணு. ஒரு குறையுமில்ல.”

“கம்பங்காட்டுக்குப் போறீங்களாம்மா?”

“இந்த வெயில்ல எவ போவா?”

“அப்போ என்ன சாப்பிடுறீங்க?”

“கம்புதான். விதைக்கு வச்சிருந்தோம்ல, அது நல்லாவே வேகுது.”

கர்ஸாலி சிரித்தார். “பாத்தியா? நல்லாருக்காங்களாம்.”

விதையைத் தின்கிற ஊர் எப்படி நன்றாக இருக்கும் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் அம்மா கேட்டாள்.

“நீ சாப்பிட்டியா, ஹிந்தாத்து?”

கர்ஸாலியின் சிரிப்பு நின்றது. எங்களில் எந்தத் தாயும் தலைப்பிள்ளையின் பெயரை வாயால் சொல்வதில்லை. வெட்கம், மரியாதை, எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து நான் அவளுக்கு ‘ஏ பொண்ணு’தான்.

“அம்மா, என் பேரைச் சொன்னீங்க.”

“ஆமா.” என்றாள் அம்மா. “சொல்லாமலே போயிடுவேனோன்னு தோணுச்சு. நல்ல பேருடி. அடுப்படியில தனியா இருக்கறப்ப சொல்லிப் பாத்திருக்கேன்.”

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தேன், கிடைக்கவில்லை.

கர்ஸாலி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “நானும் தலைப்பிள்ளைதான். எங்கம்மா சாகறப்பகூடச் சொல்லல.” பிறகு தாழ்ந்த குரலில், “‘சூழ்ந்திருக்காங்க’ன்னு போடுவோமா? கொஞ்சம் மெதுவா இருக்கும்” என்றார்.

“மெதுவா சொன்னா மெதுவாத்தான் வருவாங்க, மாலம்.”

‘பாதுகாப்புச் சிக்கலை’ கோடிட்டு அடித்தேன். மேலே ‘கவன்யா’ என்று எழுதினேன், பெரிதாக, நாக்குத் தடுக்காமல் வாசிக்க வரும்படி.

“வேலை போயிடும்மா.”

“போகட்டும்.”

கை நீட்டினார். தாளைப் பிடுங்கத்தான் என்று நினைத்தேன். அந்தக் கையை ஆசியாக என் தலையில் வைத்து எடுத்தார். ஒலிபரப்பு அறையில் செய்தி இசை தொடங்கியிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு அந்த அறையை நோக்கி நடந்தேன்.