சபாபதி இறங்குற வரைக்கும்

எங்க ஊர்ல புள்ளைக சத்தமில்லாமத்தான் பொறக்கும். தாய்மாமன் வந்து உள்ளங்கால்ல ஒரு முத்தம் குடுத்தாத்தான் குரல் வரும். செண்பகம் அக்காவுக்குப் பொண்ணு பொறந்த அன்னிக்கு, தாய்மாமன் நான் புதுச்சட்டை போட்டுக் கெளம்புறேன், மேல் உதடு குறுகுறுங்குது.

சபாபதி வந்துட்டாரு.

சபாபதி என் கொப்புளம். நான் கைப்புள்ளையா இருந்தப்ப யாரோ சொந்தக்காரரு வாயில முத்தம் குடுத்துக் கொஞ்சினதுல குடிவந்தவரு. காதுக்கிட்ட ஒரு நரம்புல பாய் விரிச்சுத் தூங்குவாரு. எனக்குக் காய்ச்சல் அடிச்சா, வெயில்ல அலைஞ்சா, தூக்கம் கெட்டா, எந்திரிச்சு உதட்டுக்கு வருவாரு. அக்காவுக்கு வலி எடுத்ததுலேருந்து நான் கண்ணு மூடல.

"இன்னிக்குப் பாத்தா வரணும்?"னேன்.

"நீ முழிச்சிருந்தா நான் எப்படிடா தூங்குறது?"ன்னாரு.

சாயங்காலம் அக்கா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சின்னச் சின்ன நீர்க்கொப்புளமா, கூட்டமா உக்காந்துட்டாரு. ஒரே எரிச்சல்.

அக்கா மாமியா சொர்ணத்தம்மா என் உதட்ட உத்துப் பாத்துச்சு. "பல்லி மோண்டுருக்கு. காவியக் கொழச்சுப் பூசிட்டு முத்தத்தக் குடு. புள்ள ஊமையாக் கெடக்குல்ல." அந்தம்மா மூக்கால பேசுனத அப்படியே நானும் பேசிக் காட்டினேன். அக்கா சிரிச்சா. தையல் இழுக்குதுன்னு திட்டவும் செஞ்சா.

பிரசவம் பாத்த நர்ஸம்மா சிரிக்கல. "பல்லியுமில்ல, ஒண்ணுமில்ல. இது தொத்துற கொப்புளம். பச்சைப்புள்ளைக்குத் தொத்துனா உசுருக்கே ஆபத்து. பொருக்கு விழுந்து தோலு ஆறட்டும், அப்புறம் முத்தம். கிள்ளாத. சோப்புப் போட்டுக் கையக் கழுவு. டம்ளரு, துண்டு எல்லாம் தனியா வச்சுக்க. குறுகுறுன்னதுமே வந்திருந்தா மருந்து இன்னும் நல்லாக் கேட்டிருக்கும்." களிம்பு குடுத்துச்சு.

"அதுவரைக்கும் இவளுக்குப் பசிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"ன்னா அக்கா. கண்ணு கலங்கிருச்சு.

"நான் அழுவுறேன்க்கா"ன்னேன்.

வாசப்படிக்கு அந்தப் பக்கம் உக்காந்து பாப்பா மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். உதட்டப் பிதுக்குனா பசி. "ங்ஙே"ன்னு அழுவேன், அக்கா ஓடி வந்து பால் குடுப்பா. கால உதைச்சா ஈரம், அதுக்குக் கரகரன்னு வேற அழுகை. சில நேரம் பாப்பா சும்மாத்தான் கெடப்பா, நானாவே அழுதுருவேன். அப்ப அக்கா அவளத் தூக்கித் தூரத்துலேருந்து எனக்குக் காட்டுவா.

சபாபதி உடைஞ்சு, கசிஞ்சு, பொருக்குக் கட்டுனாரு.

"பிச்சு எறிஞ்சுறவா?"ன்னேன்.

"பிச்சா இன்னும் லேட்டாகும். புள்ளை அழுகையக் கேக்கத்தான் நானும் காத்துக்கிட்டு இருக்கேன். தானாப் போறேன், விடு."

அதே மாதிரி பொருக்கு தானா விழுந்துச்சு. உள்தோலும் ஆறிருச்சு. நர்ஸம்மா பாத்துட்டு, சரின்னுச்சு. "மறுபடி வருவேன்டா. எப்பன்னு கேக்காத"ன்னு சொல்லிட்டுச் சபாபதி பாயச் சுருட்டிக்கிட்டு நரம்புக்குப் போயிட்டாரு.

கையக் கழுவிட்டு, பாப்பா உள்ளங்கால்ல முத்தம் குடுத்தேன்.

வீடே அதிர அழுதா. அக்கா பால் குடுத்துப் பாத்தா, குடிக்கல. துணியத் தொட்டுப் பாத்தா, ஈரமில்ல. அப்புறம் என்னையத் திரும்பிப் பாத்தா. நான் காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல.

அக்கா எனக்கு இட்லி வச்சா. பாப்பா நிறுத்திட்டா.

ரெண்டாவது இட்லிக்குச் சட்னி பத்தல. பாப்பா மறுபடி அழுதா.